சாய்க்கப்பட்ட வட்டம்: ஃபியூச்சுரா போல்டு ஆப்ளிக் எழுத்துருவின் வடிவமும் பயன்பாடும்

1989 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமையைக் காக்கக் கோரிப் பெரும் பேரணி நடந்தது. அதற்காக பார்பரா க்ரூகர் என்ற நியூயார்க் கலைஞர் ஒரு சுவரொட்டி தயாரித்தார். நம்மை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு பெண்ணின் முகம், நெற்றியிலிருந்து தாடை வரை செங்குத்தாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி வழக்கமான கறுப்பு வெள்ளைப் படம், மறுபாதி அதன் நெகட்டிவ். முகத்தின் மேல் சிவப்புப் பட்டைகள். பட்டைகளுக்குள் வெள்ளை எழுத்தில், உன் உடல் ஒரு போர்க்களம் என்று பொருள்படும் ஆங்கில வாசகம்.

அந்தப் படத்தைப் பற்றியும் வாசகத்தின் அரசியலைப் பற்றியும் கலை விமர்சகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த வாசகத்தை நம் கண்ணில் அறையும்படி செய்த எழுத்துருவைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ஃபியூச்சுரா போல்டு ஆப்ளிக். தடித்தது, வலப்புறம் சாய்ந்தது, முனைகளில் செரிஃப் எனப்படும் சிறு கோடுகள் இல்லாதது, பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு அல்லாமல் தலைப்பிலும் சுவரிலும் பெரிதாகக் காட்டுவதற்கு ஏற்றது. நம் ஊர் டி.டி.பி. மையங்களில் ‘போல்டு இட்டாலிக் போடுங்க’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கணினித் திரையில் இரண்டு பொத்தான்கள்தானே. அந்த இரண்டு பொத்தான்களுக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டு அச்சுக்கலையும், கொஞ்சம் வடிவியலும், நிறைய அரசியலும் இருக்கின்றன.

என் வாதம் இதுதான்: இந்த எழுத்தின் வலிமை அதற்குள் இருக்கும் ஒரு முரணிலிருந்து வருகிறது. ஃபியூச்சுராவுக்கு அடிப்படை வட்டம். வட்டத்துக்கு எந்தப் பக்கமும் சாய்வில்லை, திசையில்லை. அது அமைதியான உருவம். சாய்வோ முழுக்கத் திசைதான். அமைதியாக இருப்பதற்காக வரையப்பட்ட ஓர் எழுத்தைத் தடிக்க வைத்து ஒரு பக்கம் சாய்த்தால், அது நம்மை நோக்கிப் பேசத் தொடங்குகிறது. யார் பேசுகிறார்கள், எதற்காகப் பேசுகிறார்கள் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சாய்வெழுத்தின் கதை வெனிஸ் நகரில் தொடங்குகிறது. பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக, அச்செழுத்து வெட்டுநர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ, அறிஞர்களின் விரைவான கையெழுத்தைப் பின்பற்றி ஒரு புதிய எழுத்தை வெட்டினார். 1501இல் வெளிவந்த வர்ஜிலின் கவிதைப் பதிப்பு முழுக்க முழுக்க அந்த எழுத்தில் அச்சானது. அந்த இட்டாலிக்கில் தலைப்பெழுத்துகள் சாயவே இல்லை, நேராக நின்றன. சிற்றெழுத்துகள் மட்டும் உடல் ஒடுங்கி, கையெழுத்தின் ஓட்டத்தோடு லேசாகச் சாய்ந்திருந்தன. பிறந்தபோது இட்டாலிக்குக்கு அடையாளமாக இருந்தது கையின் ஓட்டமே. சாய்வு அந்த ஓட்டத்தின் விளைவு. நேரெழுத்துப் பத்திக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் சாய்த்து அழுத்திக் காட்டும் வழக்கம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

சான்ஸ் செரிஃப் என்னும் முனைக்கோடற்ற அச்செழுத்து அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தில் அத்தகைய எழுத்து ஒன்று இடம்பெற்றது. அதில் தலைப்பெழுத்துகள் மட்டுமே இருந்தன. தொழிற்புரட்சி நகரங்களின் சுவர்களுக்கு உரக்கக் கத்தும் எழுத்துகள் தேவைப்பட்ட காலம் அது. பேனாவின் தடிப்பும் மெலிவும் முனைச் சுழிப்பும் களையப்பட்ட எழுத்து அந்தத் தேவைக்குப் பொருந்தியது. இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. கையின் சுவடே இல்லாத எழுத்துக்கு, கையெழுத்திலிருந்து பிறந்த இட்டாலிக் எப்படித் துணையாகும்? பெரும்பாலான எழுத்து வார்ப்பகங்கள் கண்ட விடை எளியது: நேரெழுத்தை அப்படியே சாய்த்துவிடுவது. இப்படிச் சாய்த்த நேரெழுத்தைத்தான் ஆப்ளிக் என்கிறார்கள்.

ஃபியூச்சுராவை வரைந்த பால் ரென்னர் 1878இல் ஜெர்மனியின் வெர்னிகரோடே ஊரில் பிறந்தவர். ஓவியர், புத்தக வடிவமைப்பாளர், ஆசிரியர். ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பாவர் வார்ப்பகம் 1927இல் ஃபியூச்சுராவை வெளியிட்டது. ரென்னரை பௌஹௌஸ் பள்ளிக்காரர் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் அங்கே ஆசிரியராகவும் இருந்ததில்லை, மாணவராகவும் இருந்ததில்லை. ஆனால் அந்தத் தலைமுறையின் கனவு அவருக்கும் இருந்தது. வட்டம், சதுரம், முக்கோணம் என்ற எளிய உருவங்களிலிருந்து, எந்த நாட்டுக்கும் எந்த வகுப்புக்கும் சொந்தமில்லாத, காலத்துக்கேற்ற எழுத்தைக் கட்டிவிட முடியும் என்று அவர் நம்பினார். ஜெர்மனியில் அப்போதும் ஃப்ராக்டூர் என்னும் முறிந்த கோதிக் எழுத்தையே தேசத்தின் எழுத்தாகக் கொண்டாடுவோர் ஏராளம். நாஜிகளின் பண்பாட்டு வெறியைக் கண்டித்து 1932இல் ரென்னர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே கைது செய்யப்பட்டார். மியூனிக் அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பும் பறிபோனது. ஃபியூச்சுரா என்ற பெயருக்குப் பின்னால் இந்த விலை இருக்கிறது.

ரென்னரின் முதல் வரைவுகளில் சில எழுத்துகள் அடையாளம் காண முடியாத அளவுக்கு வடிவியலாகவே இருந்தன. வார்ப்பகத்தோடு சேர்ந்து செய்த திருத்தங்களில் அவை விலக்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் சுத்தமான வட்டம் என்று நம் கண்ணுக்குப் படுவது கவராயத்தால் போட்ட வட்டமன்று. வளைகோடு நேர்கோட்டோடு சேரும் இடத்தில் மை திரண்டு கறுப்பாகத் தெரியாதிருக்க, கோடு மெலிக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய வகைகளில் ஈட்டி முனையாக நிற்கும் தலைப்பெழுத்து ‘ஏ’யின் உச்சி, தடித்த வகையில் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. வடிவியலாகத் தோன்றுவதற்காக வடிவியலை மீறிய எழுத்து ஃபியூச்சுரா. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அதன் சாய்வு வடிவம் ஏன் அவ்வளவு கடினமான வேலை என்பது புரியும். நேரெழுத்துகள் வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்தே, 1930ஐ ஒட்டி, சாய்வு வகைகள் குடும்பத்தில் சேர்ந்தன.

ஒரு வட்டத்தை இயந்திரத்தனமாக வலப்புறம் 12 பாகை சாய்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஹெல்வெடிகா என்ற எழுத்துருவின் சாய்வு வகைகளில் இருப்பது இந்த 12 பாகைதான். அடிப்பக்கம் அப்படியே இருக்க, மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் தன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வலப்புறம் நகர்கிறது. செங்குத்துக் கோடுகள் சொன்னபடி 12 பாகை சாய்கின்றன. வட்டம் அப்படிச் செய்வதில்லை. அது நீள்வட்டமாகிறது, அந்த நீள்வட்டத்தின் நெடிய அச்சு செங்குத்திலிருந்து ஏறத்தாழ 48 பாகை விலகி நிற்கிறது. பக்கத்தில் நிற்கும் ‘எல்’ 12 பாகைதான் சாய்ந்திருக்கும். ‘ஓ’வோ விழுந்துவிடுவது போல நான்கு மடங்கு சாய்ந்ததாகக் கண்ணுக்குப் படும். நெடிய அச்சு குறுகிய அச்சைவிடச் சுமார் 24 விழுக்காடு நீண்டுவிடுகிறது. கோட்டின் தடிப்புக்கும் இதே கதிதான்: வல மேல்மூலையிலும் இட கீழ்மூலையிலும் கோடு பருத்துப்போகிறது, மற்ற இரு மூலைகளிலும் இளைத்துப்போகிறது.

மெல்லிய எழுத்தில் இந்த வேறுபாடு அளவில் சிறியது, கண் மன்னித்துவிடும். தடித்த எழுத்தில் மன்னிக்காது. கோடு எவ்வளவு பருமனோ அவ்வளவுக்கு அந்த 24 விழுக்காடும் பெரிதாகத் தெரியும். எங்கும் ஒரே தடிப்பு என்பதுதான் ஃபியூச்சுராவின் உயிர் என்னும்போது, இந்தச் சிதைவு அந்த உயிரையே தொடுகிறது.

சாய்கோடுகள் உள்ள எழுத்துகளில் இன்னொரு கோளாறு. தலைப்பெழுத்து ‘ஏ’யின் இரண்டு கால்களும் நடுவிலிருந்து 20 பாகை விரிந்திருக்கின்றன என்று கொள்வோம். சாய்த்தபின் இடது கால் 30 பாகைக்குப் படுத்துவிடும், வலது கால் 9 பாகைக்குள் நிமிர்ந்துவிடும். படுத்த கால் மெலியும், நிமிர்ந்த கால் பருக்கும். இரண்டுக்கும் இடையே ஏழில் ஒரு பங்கு தடிப்பு வேறுபாடு வந்துவிடும். ஆகவே நல்ல ஆப்ளிக் வரைபவர் சாய்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறார். வட்டத்தின் பருத்த மூலைகளைச் செதுக்கி, இளைத்த மூலைகளுக்குச் சதை சேர்த்து, நீள்வட்டத்தின் அச்சைப் பிடித்து நிமிர்த்தி, கால்களின் தடிப்பைச் சமன்செய்து, எழுத்துகளுக்கிடையேயான இடைவெளியைப் புதிதாக அளக்க வேண்டும். ஒன்றும் செய்யாதது போலத் தெரிய வேண்டும் என்பதே இந்த உழைப்பின் நோக்கம். அச்சுக்கலையில் நான் மிகவும் மதிப்பது இப்படிப்பட்ட உழைப்பைத்தான்.

சாய்த்த நேரெழுத்தே போதும் என்ற கருத்துக்கு ஓர் அறிவார்ந்த ஆதரவாளர் இருந்தார். இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மாரிசன் 1926இல் ‘தி ஃப்ளூரன்’ இதழில் எழுதிய கட்டுரையில், நேரெழுத்துக்குத் துணையாகும் இட்டாலிக் கையெழுத்துச் சாயலை விட்டுவிட்டு, அந்த நேரெழுத்தின் சாய்ந்த வடிவமாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நெதர்லாந்தில் யான் வான் கிரிம்பென் தன் ரோமுலஸ் எழுத்துருவில் அதைச் செய்தே காட்டினார். செரிஃப் உள்ள புத்தக எழுத்துகளில் இந்தக் கொள்கை எடுபடவில்லை. பத்திக்குள் வரும் சாய்ந்த சொல் போதிய அளவு வேறுபட்டுத் தெரியாமல், ஏதோ தடுமாறி நிற்பது போலிருந்தது. சான்ஸ் செரிஃபிலோ அதுவே பெருவழக்காயிற்று. விதிவிலக்குகளும் உண்டு: எரிக் கில் வரைந்த கில் சான்ஸின் இட்டாலிக்கில் ‘ஏ’யின் சிற்றெழுத்து கையெழுத்து உருவுக்கு மாறுகிறது, ‘பி’யில் பேனாவின் சிறு சுவடு தங்கியிருக்கிறது.

ஃபியூச்சுராவுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. கையெழுத்தில் போடுவது போன்ற ஒற்றைக்கண் ‘ஏ’யை ரென்னர் நேரெழுத்திலேயே வைத்துவிட்டார், இட்டாலிக்குக்கு என்று மிச்சம் வைக்க உருவமாற்றம் எதுவும் இல்லை. சாய்வு ஒன்றே வேறுபாடு. ஒரே ஒரு குரல் மாற்றம்தான் கையில் இருக்கிறது என்றால் அது மிகத் தெளிவாக ஒலிக்கத்தானே செய்யும்? ஃபியூச்சுரா ஆப்ளிக்கைப் பார்த்தவுடன் சாய்வு என்னும் செயலே முதலில் கண்ணில் படுவதற்குக் காரணம் இது என்று நினைக்கிறேன்.

அட்லாண்டிக்கைக் கடந்ததும் ஃபியூச்சுராவின் வாழ்க்கை மாறியது. அமெரிக்க விளம்பர உலகம் அதை வாரிக்கொண்டது. போட்டி நிறுவனங்கள் சாயல் எழுத்துகளை வெளியிட்டன. மேலும் மேலும் தடித்த வகைகளைச் சந்தை கேட்டது. எட்வின் ஷார் 1952இல் கூடுதல் தடிப்புள்ள எக்ஸ்ட்ரா போல்டு வகையை வரைந்தார். அதன் சாய்வு வடிவத்தை டாமி தாம்ப்சனோடு சேர்ந்து 1955இல் முடித்தார். ரென்னர் 1956இல் காலமானார். அவர் அமைதியின் எழுத்தாக நினைத்தது அதற்குள் கடை விரிக்கும் எழுத்தாகியிருந்தது. தடிப்பும் சாய்வும் சேர்ந்தால் விரைவு, உடல்வலு என்ற எண்ணம் தோன்றும் என்பதை விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நைக்கி நிறுவனத்தின் பெயர், வளைகோட்டுச் சின்னத்தின் மேல் தடித்த ஃபியூச்சுராவில் முன்னோக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை உலகமே பார்த்திருக்கிறது.

இந்த விளம்பர உலகத்துக்குள்ளிருந்து வந்தவர்தான் க்ரூகர். 1945இல் நியூ ஜெர்சி மாநிலத்து நியூவர்க்கில் பிறந்தார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியிலும் சிறிது காலம் படித்தார். 1960களின் இறுதியில் காண்டே நாஸ்ட் குழுமத்தின் ‘மாட்மசேல்’ பெண்கள் இதழில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். படத்தைச் செதுக்குவது, தலைப்பை எங்கே போட்டால் கண் நிற்கும் என்று பார்ப்பது, புரட்டப் போகும் விரலை ஒரு நொடி தடுப்பது ஆகியவை அங்கே அன்றாட வேலை. கத்தரியும் பசையும் கொண்டு பக்கத்தை ஒட்டிச் செய்யும் பேஸ்ட்அப் முறை அப்போது. பின்னாளில் அவர் கலையாகச் செய்ததும் அதே கைவேலைதான்: பழைய இதழ்களிலிருந்து எடுத்த படம், அதன் மேல் ஒட்டிய ஃபியூச்சுரா வாசகம், பிறகு பிரமாண்டமாகப் பெரிதாக்குதல். 1987இல் செய்த புகழ்பெற்ற படைப்பில், ஒரு கை சிவப்பு அட்டை ஒன்றை நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறது. நான் வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கிறது. தெகார்த்தின் தத்துவ வாக்கியத்தைக் கடைத்தெருவுக்கு இழுத்து வந்த வாசகம்.

ஏன் இந்த எழுத்து? தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. சிவப்புப் பரப்புக்குள் வெள்ளை எழுத்து என்றால், அச்சில் எழுத்து அச்சாவதே இல்லை. சுற்றிலும் மை ஏறுகிறது, எழுத்தின் இடம் வெறுமனே விடப்படுகிறது. மை எப்போதும் சற்றுப் பரவும். பரவும்போது வெள்ளை எழுத்தை நாலா பக்கமும் அரிக்கும். மெல்லிய கோடுகள், செரிஃப் முனைகள் எல்லாம் முதலில் அழிந்துபோகும். மையின் அரிப்பைத் தாங்கி, தெருவில் பத்தடி தள்ளி நின்றாலும் படிக்க முடியும் தடிப்பு ஃபியூச்சுரா போல்டுக்கு இருக்கிறது.

அடுத்தது பட்டையும் சாய்வும் சேர்ந்து செய்யும் வேலை. செவ்வகப் பட்டையின் விளிம்புகள் செங்குத்தானவை. உள்ளே இருக்கும் எழுத்துகளோ சாய்ந்தவை. முதல் எழுத்துக்கும் பட்டையின் இட விளிம்புக்கும் இடையே, மேலே அகன்று கீழே குறுகும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி உண்டாகிறது. கடைசி எழுத்துக்கு அப்பால் அதே ஆப்பு தலைகீழாக வருகிறது. எழுத்துகள் பட்டையின் வலச் சுவரில் தோளால் முட்டி வெளியேறப் பார்ப்பது போன்ற இறுக்கம் அதனால் ஏற்படுகிறது. க்ரூகர் எழுத்துகளை மிக நெருக்கமாக அடுக்குவார். அது இந்த இறுக்கத்தை இன்னும் கூட்டுகிறது. நேரான ஃபியூச்சுராவை அதே பட்டையில் வைத்துப் பாருங்கள்: அலுவலகக் கதவில் ஒட்டிய பெயர்ப்பலகையாகிவிடும்.

அவருடைய வாசகங்களில் நான், நீ, நாங்கள், அவர்கள் என்ற சொற்கள் ஓயாமல் வரும். விளம்பரத்தின் மொழியும் அதுதான்; அது எப்போதும் ‘உங்களை’ப் பார்த்தே பேசும். க்ரூகர் அதே குரலை, அதே எழுத்தை எடுத்துக்கொண்டு, யார் யாரை ‘நீ’ என்று அழைக்க அதிகாரம் பெற்றிருக்கிறார்கள் என்று கேட்டார். ரென்னரின் வட்டம் யாருடைய குரலாகவும் இல்லாதிருக்க விரும்பியது. அதைச் சாய்த்து ஆணையிடும் குரலாக்கியவர்கள் விளம்பரக்காரர்கள். அந்த ஆணையையே கேள்வியாகத் திருப்பியது க்ரூகரின் சாதனை. வேறு எழுத்துருவில் இதைச் செய்திருக்க முடியாது என்றே கருதுகிறேன். ஏற்கெனவே கோடிக்கணக்கான விளம்பரங்களில் பழகிய முகமாக இருந்ததால்தான் அந்த எழுத்துக்குத் திருப்பித் தாக்கும் ஆற்றல் கிடைத்தது.

இதற்குப் பின் நடந்தது வருத்தம் தருவது. 1994இல் ஜேம்ஸ் ஜெபியா நியூயார்க்கின் லஃபயெட் தெருவில் ‘சுப்ரீம்’ என்ற ஸ்கேட்போர்டு கடையைத் திறந்தார். சிவப்புச் செவ்வகம், உள்ளே வெள்ளை நிறத்தில் சாய்ந்த ஃபியூச்சுரா. போல்டுக்கு ஒரு படி குறைந்த ஹெவி வகை. க்ரூகரின் பாணியைப் பார்த்துச் செய்தது என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை. வாங்குவதே வாழ்வாகிப்போனதைச் சாடிய அதே உருவம், ஒரு பனியனுக்காக இளைஞர்களை விடியற்காலையில் வரிசையில் நிற்க வைக்கும் சின்னமாயிற்று. 2013இல், தங்கள் சின்னத்தைப் பகடி செய்து பெண்களுக்கான உடை விற்ற சிறிய நிறுவனம் ஒன்றின்மீது சுப்ரீம் 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. க்ரூகரிடம் கருத்துக் கேட்ட இதழுக்கு அவர் சில வரிகளே அனுப்பினார்: தன் கலையே இத்தகைய கேலிக்கூத்துகளைப் பற்றியதுதான் என்றும், எல்லோரும் சேர்ந்து தன்மீது வழக்குப் போடுவதற்காகக் காத்திருப்பதாகவும்.

சட்டம் இந்த இடத்தில் விசித்திரமாக நிற்கிறது. அமெரிக்காவில் எழுத்துருவின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978இல் எல்ட்ரா நிறுவனம் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எழுத்துருவைத் திரையில் உருவாக்கும் கணினிக் கோப்புக்கு மென்பொருள் என்ற முறையில் பாதுகாப்பு உண்டு. வணிகச் சின்னச் சட்டமோ தனி வழி: குறிப்பிட்ட சொல், குறிப்பிட்ட நிறம், குறிப்பிட்ட எழுத்து சேர்ந்த கூட்டை ஒரு நிறுவனம் பதிவு செய்துகொள்ளலாம். எனவே அந்தச் சாய்வை வரைந்தவருக்கும் அதற்குப் புதுப் பொருள் கொடுத்தவருக்கும் இல்லாத உரிமை, அதை இரவல் வாங்கி விற்றவருக்குக் கிடைத்தது. 2020இல் வி.எஃப். நிறுவனம் சுப்ரீமை 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024இல் எசிலோர்லக்சோட்டிகா 150 கோடிக்கு வாங்கிக்கொண்டது. அந்த விலையில் பெரும்பங்கு ஒரு சிவப்புப் பெட்டிக்கும் அதற்குள் இருக்கும் சாய்ந்த எழுத்துக்குமானது என்று சொன்னால் மிகையாகாது. க்ரூகர் தன் பதிலை 2017இல் நியூயார்க்கின் பெர்ஃபார்மா கலைவிழாவில் வைத்தார்: தன் வாசகங்கள் கொண்ட ஸ்கேட்போர்டுகளும் பனியன்களும் விற்கும் தற்காலிகக் கடை, எழுத்துகளால் போர்த்திய ஸ்கேட்டிங் திடல், சுரங்க ரயிலுக்கான 50,000 பயண அட்டைகள். அட்டைகளில் அவர் அச்சிட்டவை கேள்விகள்.

தமிழ் எழுத்துக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு நாம் தினமும் அழுத்தும் அந்த இரண்டு பொத்தான்களில் இருக்கிறது. தமிழ் அச்சு மரபில் இட்டாலிக் கிடையாது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட மேற்கோள்குறி, தடித்த எழுத்து, பெரிய எழுத்து, இடைவெளி எனப் பல வழிகள் நம்மிடம் உண்டு. கணினி வந்தபின் ஆங்கில மென்பொருளின் சாய்வுப் பொத்தான் தமிழுக்கும் வந்தது. விண்டோஸில் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் சாய்வு வடிவம் வரையப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் கணினி நேரெழுத்தைக் கணக்குப்படி தள்ளிவிடுகிறது. மேலே சொன்ன சிதைவுகள் அத்தனையும் அப்படியே வந்து சேர்கின்றன, செதுக்கித் திருத்த ஆளில்லாமல்.

தமிழில் அவை கூடுதலாகவே உறுத்தும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ண, ன, ல, வ என்று எதை எடுத்தாலும் ஒரு சிறு வட்டமாவது இருக்கும். ஒவ்வொரு சுழியும் நீள்வட்டமாகிப் படுத்துக்கொள்ளும். தடித்த ‘ணை’யிலும் ‘இ’யிலும் சுழிக்குள் இருக்கும் வெள்ளை ஏற்கெனவே குறைவு, சாய்த்தால் அது கீற்றாகிவிடும். உருண்டைப் புள்ளி நீள்வட்டமாகும். இன்னொரு நுட்பம்: நேரெழுத்தில் ‘ர’வைத் துணைக்காலிலிருந்து பிரித்துக்காட்டுவது அடியில் உள்ள சிறு சாய்கோடு. எழுத்தே சாய்ந்துவிட்டால் அந்தச் சாய்கோட்டின் தனித்தன்மை மங்கிவிடுகிறது. முன்பு திரைப்படச் சுவரொட்டிக்கும் கட்சி விளம்பரத்துக்கும் சுவரில் சாய்ந்த தடித்த தமிழ் எழுதிய ஓவியர்கள் இதையெல்லாம் கண்ணாலேயே சரிசெய்தார்கள். சுழியை நிமிர்த்தி, கோட்டைச் சமன்செய்து, ஒவ்வொரு எழுத்தையும் சாய்வாகவே வரைந்தார்கள். வரைந்த சாய்வு தமிழில் முடியாததல்ல. கணினிக் காலத்திலும் தாரிக் அஸீஸின் கவிவாணர் எழுத்துரு கையெழுத்துச் சாய்வோடு பிறந்தது. நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்வு வகை தனியாகவே உண்டு. ஆனால் தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் ஏற்ற தடித்த, முனைக்கோடற்ற, சாய்வாகவே வரைந்த தமிழ் எழுத்துருக்கள் மிக அரிதாகவே இருக்கின்றன.

எழுத்துரு வரையும் இளைஞர்கள் இந்தக் குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல தடித்த தமிழ் எழுத்துருவோடு, சுழிகளும் புள்ளியும் துணைக்காலும் திருத்தி வரைந்த சாய்வு வகை ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். அது வரும்வரை, இதழ்களிலும் பதாகைகளிலும் தலைப்பு போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாய்வு வரையப்படாத தமிழ் எழுத்துருவில் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள், நேரான தடித்த எழுத்தையே பயன்படுத்துங்கள்.